பிரானா கூட்டத்துக்கு எத்தனை லிட்டர் தொட்டி வேண்டும்? கணக்கு தப்புவது இங்கேதான்

இருட்டு அறை, நீல விளக்கு, கண்ணாடித் தொட்டி. மேலிருந்து ஒரு மீன் துண்டு விழுகிறது. பத்துப் பன்னிரண்டு சிவப்பு வயிறுகள் பாய்கின்றன. பதினைந்து விநாடியில் துண்டு காணாமல் போகிறது. இன்ஸ்டாகிராமில் 'மான்ஸ்டர் ஃபிஷ்' ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். பார்த்து முடித்ததும் ஆசை வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "ப்ரோ, டேங்க் சைஸ் என்ன?"

நல்ல கேள்வி. ஆனால் பதிலாக வரும் எண்கள்தான் ஆளுக்கு ஒன்றாக இருக்கின்றன. இரண்டடி போதும் என்பார் ஒருவர், நாலடி என்பார் இன்னொருவர். மூன்று மீனுக்கா எட்டு மீனுக்கா, இன்றைக்கு இருக்கும் குட்டிக்கா இரண்டு வருஷம் கழித்து இருக்கப்போகும் மீனுக்கா, தொட்டி வைக்கப்போவது தரைத்தளத்திலா ஐந்தாவது மாடியிலா? இதையெல்லாம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே பதில்: முழுதாக வளர்ந்த ஐந்தாறு சிவப்பு வயிற்றுப் பிரானாக்களுக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர். இது ஆடம்பர அளவு இல்லை. மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறாமல் வாழ வேண்டுமென்றால் தேவைப்படும் அளவு. எப்படி இவ்வளவு பெரிய எண் வருகிறது என்பதுதான் மேட்டர்.

பயந்த மீனுக்கு எப்படி வந்தது அந்தப் பெயர்?

பிரானா தென் அமெரிக்க ஆற்று மீன். அமேசான், ஒரினோகோ, பரகுவே - பரானா ஆற்றுப் படுகைகள் அதன் வீடு. பல இனங்கள் உண்டு. தொட்டியில் கூட்டமாக வளர்க்கப்படுவது பெரும்பாலும் சிவப்பு வயிற்றுப் பிரானா. அறிவியல் பெயர் பைகோசென்ட்ரஸ் நட்டரெரி.

அதன் 'கொலைகார' இமேஜுக்கு அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1913-14-ல் பிரேசில் காடுகளில் பயணம் செய்த அவர், 1914-ல் வெளியான தன் பயண நூலில் பிரானாவை உலகிலேயே மூர்க்கமான மீனாக வர்ணித்தார். அவருக்குக் காட்டுவதற்காக உள்ளூர்க்காரர்கள் ஆற்றின் ஒரு பகுதியை வலை கட்டி அடைத்து, மீன்களைப் பல நாள் பட்டினி போட்டு, பிறகு ஒரு மாட்டை இறக்கினார்கள் என்று ஒரு கதையும் சொல்லப்படுகிறது. 1978-ல் ஜோ டான்டே இயக்கிய 'பிரானா' திரைப்படம் மிச்ச வேலையை முடித்துவிட்டது.

நிஜம் வேறு மாதிரி. ஆற்றில் பிரானாவைத் தின்ன ஒரு பட்டாளமே காத்திருக்கிறது: கெய்மன் முதலைகள், ஆற்று டால்ஃபின்கள், நீர்ப்பறவைகள், அரபைமா போன்ற பெரிய மீன்கள். பிரானாக்கள் சேர்ந்து வேட்டையாடவே கூட்டமாகத் திரிகின்றன என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். பிரேசிலின் மமிராவா காப்பகப் பகுதியில் ஆய்வு செய்த ஹெல்டர் கேரோஸ், ஆன் மகுரன் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. இரண்டு மீன்களாக வைத்தபோது அவை சும்மா இருக்கும்போதே வேகமாக மூச்சு வாங்கின. எட்டாக வைத்தபோது செவுள் அசைவு நிதானமாக இருந்தது. எதிரி தாக்குவது போல் பாவனை காட்டியபோது எல்லாமே பதறின. ஆனால் எட்டுப் பேர் கூட்டம் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பியது. பிரானா கூட்டம் சேர்வது பயத்தில்தான், பாதுகாப்புக்குத்தான்.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதை ஆய்வு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. லைட்டைப் போட்டால் மூலைக்கு ஓடும். குழந்தை கண்ணாடியைத் தட்டினால் சுவரில் மோதும். ரீல்ஸில் வரும் பாய்ச்சலைப் பார்க்க ஆசைப்பட்டு வாங்கியவர், பெரும்பாலான நேரம் பார்க்கப்போவது ஒரு மரத்துண்டின் பின்னால் அசையாமல் நிற்கும் மீன்களைத்தான்.

மூன்று மீன்தான் மோசமான எண்

"சின்னத் தொட்டிதான் இருக்கு, அப்போ ரெண்டு மூணு மட்டும் வாங்கிக்கலாம்." இப்படித்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். கேட்கச் சிக்கனமாக இருக்கும் இந்த யோசனைதான் பெரும்பாலும் ரத்தத்தில் முடிகிறது.

கூட்டத்துக்குள் ஒரு அதிகார வரிசை உண்டு. பெரியது முதலில் தின்னும், நல்ல இடத்தைப் பிடிக்கும், மற்றவற்றை விரட்டும். மீன்கள் ஏழெட்டு இருந்தால் அந்த விரட்டல் எல்லோர் மேலும் பரவலாக விழும். மூன்று மட்டும் இருந்தால் கடைசி மீனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்: காலையிலிருந்து ராத்திரி வரை அடி வாங்க அது ஒன்றுதான். முதலில் வால் நுனி, அடுத்து துடுப்பு, சில சமயம் கண். ஒருநாள் காலையில் தொட்டியில் இரண்டு மீன்தான் இருக்கும்.

இந்தச் சண்டைக்குச் சத்தமும் உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் தொட்டியில் நீரடி மைக் வைத்துச் சிவப்பு வயிற்றுப் பிரானாக்களைப் பதிவு செய்தார்கள். மூன்று விதமான ஒலிகள் கிடைத்தன. நேருக்கு நேர் முறைத்துக்கொள்ளும்போது குரைப்பு போல ஒன்று. சுற்றிச் சுற்றி வந்து, இரைக்காகச் சண்டை போடும்போது தாளம் தட்டுவது போல ஒன்று. துரத்தும்போது பற்களை நெறிப்பதில் வருவது மூன்றாவது. அதாவது கடிக்கு முன்னால் மிரட்டல் இருக்கிறது. மிரட்டலைப் பார்த்து விலகிப் போக இடம் இருந்தால் பெரும்பாலான சண்டை கடி வரை போகாது. நாலடித் தொட்டியில் விலகிப் போவது எங்கே?

ஆக, தொட்டி அளவைத் தீர்மானிப்பதில் மீனின் உடல் நீளத்துக்கு இருக்கும் அதே பங்கு இந்த விலகும் தூரத்துக்கும் இருக்கிறது. வளர்ப்பவர்களிடையே நடைமுறையில் இரண்டு வழிதான் ஓரளவு வேலை செய்கிறது. ஒரே ஒரு மீனை நல்ல நாலடித் தொட்டியில் வைப்பது ஒன்று. அது பயந்த சுபாவத்தோடுதான் இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். இல்லாவிட்டால் ஐந்து, ஆறு அல்லது அதற்கு மேல், ஆறடித் தொட்டியில். நடுவில் இருக்கும் எண்கள் எல்லாம் ரிஸ்க். ஒரே அளவுள்ள குட்டிகளை ஒரே நாளில் விடுவது அந்த ரிஸ்க்கைக் கொஞ்சம் குறைக்கும். ஏற்கெனவே இடம் பிடித்துவிட்ட கூட்டத்தில் பிறகு ஒரு புதுக் குட்டியைச் சேர்ப்பது, அதற்கு இரை போடுவதற்குச் சமம்.

(கருப்புப் பிரானா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதற்குக் கூட்டமே ஆகாது. ஒரு தொட்டிக்கு ஒன்று, அவ்வளவுதான்.)

'ஒரு இஞ்சுக்கு ஒரு கேலன்' எங்கே உடைகிறது?

அலங்கார மீன் உலகில் ரொம்ப நாளாகப் புழங்கும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. மீனின் நீளம் ஒரு இஞ்ச் என்றால் ஒரு கேலன் தண்ணீர், அதாவது சுமார் 3.8 லிட்டர். கப்பிக்கும் நியான் டெட்ராவுக்கும் இது ஏதோ ஒப்பேறும். பிரானாவுக்குப் போட்டுப் பார்த்தால் கணக்கே சிரிக்கும்: பத்து இஞ்ச் மீனுக்கு 38 லிட்டர். ஒரு பக்கெட்டில் இரண்டு மடங்கு தண்ணீர். அதில் அந்த மீன் திரும்பக்கூட முடியாது.

தவறு எங்கே? நீளம் பத்து மடங்கானால் எடை பத்து மடங்காவதில்லை. அகலமும் உயரமும் சேர்ந்தே வளர்வதால் எடை கிட்டத்தட்ட ஆயிரம் மடங்காகிறது. பத்து இஞ்ச் பிரானா என்பது ஒரு இஞ்ச் குட்டிகள் பத்து சேர்ந்தது இல்லை, ஆயிரம் சேர்ந்தது. தின்பதும் கழிப்பதும் எடையை ஒட்டித்தான் கூடும், நீளத்தை ஒட்டி இல்லை.

கடையில் பார்க்கும்போது குட்டி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். நல்ல தீனி கிடைத்தால் முதல் வருஷத்திலேயே அரை அடியைத் தொடும். தொட்டியில் வளரும் மீன் சாதாரணமாக 25 சென்டிமீட்டர் வரை வரும், சில 30. ஆற்றில் இதைவிடப் பெரியவையும் பதிவாகியிருக்கின்றன. ஆயுள் பத்து ஆண்டுகளுக்கு மேல். இன்றைக்கு 24 வயதில் ஒருவர் வாங்கினால், கல்யாணம், வேலை மாற்றம், இரண்டு மூன்று வாடகை வீடு எல்லாவற்றையும் அந்த மீன் கூடவே பார்க்கும்.

"தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் வளரும்" என்று ஆறுதல் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சின்னத் தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். அதற்குப் பெயர் பொருந்திப் போவது கிடையாது, சீக்கு. கழிவு தேங்கிய தண்ணீரும் ஓயாத பதற்றமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

நடைமுறையில் பலர் பயன்படுத்தும் கணக்கு, முழு வளர்ச்சி பெற்ற மீன் ஒன்றுக்கு 75 லிட்டர். ஐந்துக்கு 375, ஆறுக்கு 450, எட்டுக்கு 600. கடையில் அடியில்தான் அளவு சொல்வார்கள் என்பதால் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். வழக்கமான இரண்டடித் தொட்டி (2 x 1 x 1) 57 லிட்டர். ஒரு பிரானாவுக்கே பற்றாது. நாலடித் தொட்டி (4 x 1.5 x 1.5) 255 லிட்டர். கணக்குப்படி மூன்று மீன்; அதாவது அந்த மோசமான எண். ஆறடி (6 x 2 x 2) வந்தால்தான் 680. மணல், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 600 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

லிட்டரை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். மூன்றடி உயரத்தில் அலமாரி மாதிரி நிற்கும் தொட்டியிலும் நிறையத் தண்ணீர் பிடிக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் பிரானா மேலும் கீழும் நீந்தும் மீன் இல்லை, பக்கவாட்டில் போகும் மீன். அதைவிட முக்கியமாக அகலத்தைப் பாருங்கள். ஒரு அடி என்பது 30 சென்டிமீட்டர். 25 சென்டிமீட்டர் மீன் ஒன்று 30 சென்டிமீட்டர் சந்தில் எதிரே இன்னொரு மீன் வரும்போது எப்படித் திரும்பும்? ஒன்றரை அடி குறைந்தபட்சம், இரண்டடி நல்லது. நீளமும் அகலமும் கூடினால் தண்ணீரின் மேற்பரப்பு கூடும், காற்று கரைவதும் சுலபமாகும். உயரம் கூடினால் கண்ணாடி மீது அழுத்தமும் கண்ணாடியின் விலையும்தான் கூடும்.

100 கிராம் மீன் துண்டு என்ன செய்கிறது?

அடுத்தது, தொட்டியைப் பார்த்தால் தெரியாத விஷயம். பிரானாவுக்குப் புரதம் நிறைந்த தீனி வேண்டும்: மீன் துண்டு, இறால், இறைச்சி உண்ணும் மீன்களுக்கான குருணைத் தீனி. ஆறு பெரிய மீன்களுக்கு ஒருநாள் 100 கிராம் மீன் சதை போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் புரதம் சுமார் 19 கிராம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால், சுமார் 3 கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. பாதி மட்டும் கழிவாக, அதாவது அம்மோனியாவாக வெளியேறினால்கூட 1.5 கிராம்.

600 லிட்டரில் இது லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். 250 லிட்டரில் 6 மில்லிகிராம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியாவே மீனின் செவுளைப் பதம் பார்க்கப் போதும்.

இந்த அம்மோனியாவைத் தின்று தீர்ப்பவை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு விஷம் இல்லை, ஆனால் தானாகப் போகாது. தண்ணீர் மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். பாக்டீரியா குடும்பம் உருவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சனிக்கிழமை தொட்டி, ஞாயிற்றுக்கிழமை மீன் என்று வாங்கியவர்களின் மீன் முதல் மாதத்தில் ஏன் செத்தது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

600 லிட்டருக்கு மணிக்கு குறைந்தது 3,600 லிட்டர் சுற்றும் ஃபில்டர் வேண்டும், அதாவது ஆறு மடங்கு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை அப்படியே நம்பக் கூடாது; உள்ளே பஞ்சும் கல்லும் போட்டு, அழுக்கும் சேர்ந்த பிறகு வேகம் குறைந்துவிடும். இரண்டு ஃபில்டர் வைப்பவர்கள் புத்திசாலிகள். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்.

வாரம் கால் பங்கு முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும். 150 முதல் 180 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசை கட்டும் தெருவில், 20 லிட்டர் கேன் கணக்கில் சொன்னால் வாரம் எட்டு ஒன்பது கேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும், அதனால் குளோரின் நீக்கும் மருந்து கலந்தாக வேண்டும். கரன்ட் போனால்? சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், 32 டிகிரியில் 7.3. மே மாத இரவில் மூன்று மணி நேர மின்வெட்டை ஆறு பெரிய மீன்கள் உள்ள நாலடித் தொட்டி தாங்குவது கஷ்டம். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றைக் கையோடு வாங்கி வைப்பது நல்லது.

உயிருள்ள தங்கமீனைப் போட்டு வீடியோ எடுப்பது இன்னொரு பழக்கம். அதில் மீனுக்கும் நல்லது இல்லை. தங்கமீன் உடலில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, தின்னும் மீனின் வைட்டமின் பி1-ஐ அழிக்கும். கூடவே கடைத் தொட்டியின் நோய்களும் இலவசம்.

தரை தாங்குமா?

தொட்டி அளவு பற்றிய பேச்சில் கடைசியாக வருவது, முதலில் வர வேண்டியது இது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 680 லிட்டர் தொட்டியில் தண்ணீரும் மணலும் கட்டையுமாக 700 கிலோவைத் தாண்டும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி 120 கிலோவுக்கு மேல். இரும்பு ஸ்டாண்டையும் சேர்த்தால் மொத்தம் 900 கிலோ பக்கம் வந்துவிடும். ஒரு சின்னக் காரை ஹாலில் நிறுத்தியது போல. அதுவும் நாலு சக்கர இடைவெளி இல்லாமல், பன்னிரண்டு சதுர அடிக்குள்.

வீட்டு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875, பகுதி 2) சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆறடித் தொட்டி தன் காலடியில் கொடுப்பது சதுர மீட்டருக்கு 800 கிலோ. உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. 200 கிலோ என்பது அறை முழுவதற்குமான சராசரி. பீம் மீதோ, சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ வைத்தால் பல கட்டடங்கள் தாங்கும். அறையின் நடுவில், பால்கனியில், பழைய கட்டடத்தின் மேல்மாடியில் வைப்பது வேறு கதை. கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாத இடம் இதுதான். தரைத்தளமாக இருந்தால் கவலை பாதியாகக் குறையும்.

வாடகை வீடு என்றால் வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. 600 லிட்டர் ஒரு ராத்திரியில் கசிந்தால் கீழ் வீட்டுக் கூரைதான் முதலில் பேசும். இன்னொரு சில்லறை விஷயம்: ஆறடிக் கண்ணாடிப் பெட்டி பல அபார்ட்மென்ட் லிஃப்ட்களில் நுழையாது. ஆர்டர் கொடுக்கும் முன் லிஃப்ட்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

வாங்கியது பிரானாதானா?

இந்தக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே அடியில் புரட்டிப் போடும் கேள்வி இது. பிரானா என்ற பெயரில் கைமாறும் குட்டிகளில் பல, பிரானாவே இல்லை. அதன் சொந்தக்கார மீனான சிவப்பு வயிற்றுப் பாக்கு. பெயரைச் சொன்னால் தெரியாது. மீன் மார்க்கெட்டில் 'ரூப்சந்த்' என்று சொன்னால் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்கு வந்து, இன்று பண்ணைக் குளங்களில் வளர்க்கப்பட்டு குழம்புக்குப் போகும் அதே மீன்தான்.

குட்டிப் பருவத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், வயிற்றுச் சிவப்பு உட்பட. பெரிதானால் பல் காட்டிக் கொடுக்கும். பிரானாவுக்கு முக்கோண வடிவில், கத்தரிபோல ஒன்றோடொன்று பொருந்தும் பற்கள். கீழ்த்தாடை முன்துருத்தி நிற்கும். பாக்குவுக்கு மனிதக் கடைவாய்ப் பல் போலச் சதுரப் பற்கள், கொட்டையும் பழமும் உடைத்துத் தின்ன.

அப்பாடா, ஆபத்தில்லாத மீன்தானே என்று நிம்மதி அடைவதற்கு முன் அளவைப் பாருங்கள். பாக்கு அரை மீட்டரை எளிதாகத் தாண்டும், 80 சென்டிமீட்டருக்கு மேலும் பதிவாகியிருக்கிறது. எடை இருபது கிலோவுக்கு மேல் போகக்கூடியது. பிரானாவுக்குப் போதும் என்று சொன்ன அதே ஆறடித் தொட்டி, பாக்குவுக்கு இரண்டு வருஷத்தில் சிறைக்கூடம். இரண்டடி அகலத்தில் அந்த மீன் உடலை வளைத்துத்தான் திரும்பும். வீட்டில் வைக்கும் தொட்டி எதுவுமே அதற்குச் சரிப்படாது, குளம்தான் வேண்டும். ஆகவே தொட்டியை முடிவு செய்யும் முன் இனத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்தப் பண்ணை, இறக்குமதி என்றால் அனுமதிக் காகிதம் எங்கே என்று பில்லோடு கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. வெளிநாட்டு அலங்கார மீன்களைக் கொண்டுவர மத்திய அரசின் அனுமதியும், தனிமைப்படுத்தும் நடைமுறையும் இருக்கின்றன. அதைப் பற்றிப் பேச்செடுத்ததும் கடைக்காரர் பேச்சை மாற்றினால், வெளியே வந்துவிடுவது உத்தமம்.

தொட்டி அளவுக்கு அரசு ஒரு சட்டம் போடக் கூடாதா என்று கேட்கலாம். 2017 மே மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் தொட்டிக் கடைகளுக்கான விதிகளை அறிவித்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்பது உட்படப் பல கட்டுப்பாடுகள் அதில் இருந்தன. அலங்கார மீன் தொழிலில் இருப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. எத்தனை லிட்டர் என்பது வாங்குபவரும் விற்பவரும் கல்லாவுக்கு முன்னால் நின்று பேசி முடிக்கும் விஷயமாகவே இருக்கிறது. தொட்டி விற்பவருக்கு இன்றைக்கு விற்கும் தொட்டிதான் முக்கியம், இரண்டு வருஷம் கழித்து என்ன ஆகும் என்பது இல்லை.

தொட்டி போதாமல் போனால் மீன் எங்கே போகும்?

பெரும்பாலும் அருகில் உள்ள ஏரிக்கு. கொல்ல மனசு வராது, கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார், ராத்திரி நேரத்தில் ஒரு பக்கெட். விடுவிப்பவருக்கு அது புண்ணியம் செய்த மாதிரிகூட இருக்கும்.

சீனாவின் குவாங்ஸி பகுதியில் உள்ள லியுஜோவ் நகரத்தில் 2012 ஜூலையில் ஆற்றில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரின் கையை ஒரு மீன் கடித்தது. பிடித்துப் பார்த்தால் பிரானா. உள்ளூர் நிர்வாகம் பிடித்துத் தரும் ஒவ்வொரு பிரானாவுக்கும் 1,000 யுவான் பரிசு என்று அறிவிக்க வேண்டி வந்தது. 2013 ஆகஸ்டில் டென்மார்க் - ஸ்வீடன் இடையிலான ஓரசுண்ட் நீரிணையில் ஒரு பாக்கு வலையில் சிக்க, நீச்சல்காரர்கள் ஜாக்கிரதை என்று உலகமெங்கும் செய்தி பறந்தது. அந்தக் குளிரில் பாக்கு பிழைக்காது என்பதால் விஷயம் கேலியோடு முடிந்தது.

நம் பக்கம் கேலியோடு முடியாது. பிரானாவுக்குப் பிடித்தது 24 முதல் 28 டிகிரி வெப்பம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா, டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் பிரானா வைத்திருப்பதையே தடை செய்திருப்பதற்கு, தப்பினால் அங்கே பிழைத்துவிடும் என்ற பயம்தான் காரணம். தமிழ்நாட்டு ஏரிகளில் அதைக் கொல்லும் குளிர்காலமே கிடையாது. கேரளாவில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் மீனவர்களின் வலையில் அரபைமா சிக்கியது. அமேசானில் பிரானாவைத் தின்னும் அதே ராட்சத மீன். யாரோ குட்டியாக வாங்கி, பெரிதாக்கி, பண்ணையிலோ குளத்திலோ வைத்திருந்தது, வெள்ளம் வந்து திறந்துவிட்டது. அதை யாரும் வேண்டுமென்று விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? நாலடித் தொட்டியில் மூன்று மீன் இருந்து, ஒன்றின் வால் கிழிய ஆரம்பித்திருந்தால், கிழிந்ததை முதலில் தனியாக எடுத்துவிட வேண்டும். துடுப்பு வளர்ந்துவிடும், கண் வளராது. மற்ற இரண்டையும் நம்பிச் சேர்த்து வைப்பதைவிடத் தடுப்பு போட்டுப் பிரிப்பது நல்லது. விளக்கைக் குறைத்து, மரக்கட்டையும் பெரிய கற்களும் வைத்து ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் சண்டை கொஞ்சம் தணியும். கையை உள்ளே விடும் வேலைகளுக்கு நீளமான இடுக்கி. பிறகு பெரிய தொட்டி வைத்திருக்கும் அனுபவசாலி வளர்ப்பாளரையோ, திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் கடையையோ தேட வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் முடித்துவைப்பதும் ஒரு வழிதான், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும். ஏரிக்கு எடுத்துப் போகும் பக்கெட் மட்டும் அந்த வழிகளில் சேராது.